வாசகர் கேள்வி-பதில்: சத்தம் வராத மிடில் பிக்கப்

கேள்வி: மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும், காந்தத்தின் மேல் கம்பி சுற்றிய பாகம்) உள்ள ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கிறேன். நெக், பிரிட்ஜ் இரண்டும் நன்றாக ஒலிக்கின்றன. ஸ்விட்சை மிடிலுக்குத் தள்ளினால் கீச்சென்று மெல்லிய சத்தம் மட்டும்தான். கடையில் "காயில் போச்சு, புதுசு மாத்துங்க" என்கிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அறுந்ததையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்தக் கீச்சொலியே நல்ல தடயம். அறுந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால் கெப்பாசிட்டர் போல வேலை செய்யும். மேல்ஸ்தாயி கொஞ்சம் கசியும், அடித்தொனி வராது.

கிட்டாரைப் பிரிக்கும் முன் கேபிளைச் செருகி, வால்யூமை 10-இல் வையுங்கள். மல்டிமீட்டரை 2000 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து, கேபிளின் மறுமுனைப் பிளக்கில் நுனிக்கும் உடம்புக்கும் இடையே அளவெடுங்கள். நெக்கில் 6 கிலோ ஓம் வாக்கில் காட்டும். மிடிலில் 250 கிலோ ஓமை ஒட்டிக் காட்டினால் அது பிக்கப்பின் அளவல்ல, வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடையின்) அளவு. பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்விட்சின் தொடுமுனை அழுக்கேறியிருந்தாலும் இதே 250-தான் வரும். ஆகவே இந்த ஒரு அளவை வைத்துக் காயில்மேல் பழி போடாதீர்கள்.

அடுத்து பிக்கார்டை (பிக்கப்புகள் பொருத்தியிருக்கும் முன்பக்கத் தகட்டை) தூக்கி, ஸ்விட்சை நெக்கில் விட்டுவிட்டு, மிடில் வயர் வந்து சேரும் ஸ்விட்ச் முனைக்கும் வால்யூம் பாட்டின் முதுகுக்கும் இடையே அளவெடுங்கள். 6 கிலோ ஓம் வந்தால் பிக்கப் நலம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஸ்விட்சை இருபது முறை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். எதுவும் வராவிட்டால் பிக்கப்பின் அடியில், காயிலின் இரு முனைகளும் ஈயத்தால் இணையும் ஐலெட்டுகளில் (சிறு உலோக வளையங்களில்) நேரடியாக வைத்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் துணி சுற்றிய வயரோ எர்த் இணைப்போ விட்டுப்போயிருக்கிறது. அங்கேயும் 'ஓஎல்' என்றோ வெறும் '1' என்றோ (அளவு எல்லை மீறிவிட்டது என்று) காட்டினால்தான் காயில் அறுந்தது என்று பொருள்.

இப்போது பூதக்கண்ணாடி வேண்டும். ஐலெட்டைச் சுற்றியிருக்கும் கம்பி 0.063 மி.மீ. தடிமன், தலைமுடி அளவுதான். வியர்வையும் கடற்காற்றும் படும் கிட்டார்களில் அந்த இடம் பச்சைக் களிம்பேறி, தொட்டாலே உதிரும். காயிலின் வெளிப்பக்கத்திலிருந்து வரும் முனை இப்படி விட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டேப்பை மெதுவாக உரித்து, ஓரிரு சுற்றைப் பிரித்து, ஐலெட்டில் மூன்று நான்கு முறை சுற்றி ஈயம் வையுங்கள். ஏறக்குறைய 8000 சுற்றில் இரண்டு குறைந்தால் ஒலியில் வித்தியாசம் தெரியாது. கம்பியின் மேல் இருப்பது பாலியூரிதேன் பூச்சு என்றால் நன்கு சூடான சால்டரிங் அயர்னிலேயே கரிந்துவிடும். பழைய எனாமல் என்றால் 600 நம்பர் உப்புத்தாளை மடித்து, கம்பியை அதனூடே மென்மையாக ஒருமுறை இழுக்க வேண்டும். ரோசின் கலந்த ஈயம் மட்டும் போதும். அமிலம் உள்ள பேஸ்ட் தொடவே கூடாது. இன்று பிடித்தாலும், அதன் மிச்சம் நாளாவட்டத்தில் கம்பியைத் தின்றுவிடும்.

காந்தங்களை ஒட்டி உள்ளே போகும் முனையில், வெளியே தெரியும் இடத்தில் அறுந்திருந்தால் ஒட்டுப் போடலாம். சுற்றுகளுக்குள்ளே என்றால் மறுபடி சுற்றத்தான் வேண்டும். ஃபெண்டர் (ஸ்ட்ராட்டை உருவாக்கிய நிறுவனம்) பாணிப் பிக்கப்பில் கம்பி அல்நிக்கோ எனும் உலோகக் கலவைக் காந்தங்கள் மீதே சுற்றப்பட்டிருக்கும். காந்தத்தில் துரு ஏறினாலும், உயரம் மாற்ற அதை விரலால் அழுத்தினாலும் முதல் சுற்றுகள் அறுந்துவிடும். தயவுசெய்து அழுத்தாதீர்கள்.

கேள்வி: காயில் சுற்ற மோட்டார் ரீவைண்டிங் கடையில் 42 கேஜ் கம்பி வாங்கினேன். 8000 சுற்று பாபினில் (கம்பி சுற்றும் சட்டத்தில்) அடங்கவே இல்லை. ஏன்?
— வாசகர், திருச்சி

பதில்: கிட்டார்க்காரர்கள் சொல்லும் 42 அமெரிக்கக் கணக்கு, மேலே சொன்ன 0.063 மி.மீ. நம்மூர் ரீவைண்டிங் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கம்பி அளவுக் கணக்கான எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்றால் 0.10 மி.மீ. நீங்கள் கேட்க வேண்டியது 46 எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது 0.061 மி.மீ. ஒரு பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் பிடிக்கும், ஸ்பூலை எடைபோட்டு வாங்கும்போது நினைவில் வையுங்கள். சுற்றி முடித்து அளக்கும்போது வெயிலையும் கணக்கில் சேருங்கள். 20 டிகிரியில் 6.0 கிலோ ஓம் காட்டும் காயில் 33 டிகிரியில் 6.3 காட்டும். அது கோளாறு இல்லை.

கேள்வி: சுற்றி மாட்டிய மிடில் பிக்கப் தனியாக நன்றாக இருக்கிறது. நெக்கோடு சேர்த்தால் சத்தம் சுருங்கி மூக்கால் பேசுவதுபோல் ஆகிறது.
— வாசகர், கோவை

பதில்: எதிர்த்திசையில் சுற்றிவிட்டீர்கள். இரண்டும் எதிரெதிர் ஃபேஸில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று அழிக்கின்றன. பிரிக்கத் தேவையில்லை, மிடிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றி ஈயம் வைத்தால் சரியாகும். டெலிகாஸ்டர் வகை கிட்டாரின் நெக் பிக்கப்பாக இருந்தால் மட்டும், உலோக மூடியை எர்த்தோடு சேர்க்கும் சிறு இணைப்பை முதலில் வெட்டி, மூடிக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள். இல்லையேல் மூடியைத் தொடும்போதெல்லாம் இரைச்சல் வரும்.