பபூனின் கால் ஏன் நிற்குதில்லை?

வணக்கம் ஐயா. மலாயாவில் வேலை பார்த்த பூட்டனாரின் பெட்டகத்தில் ஒரு மரப் பபூனும் யானையும் கிடைத்தன. பபூன் எட்டு அங்குல உயரம். கைகால் துவண்டு தொங்குகின்றன. உள்ளேயிருந்த லாஸ்டிக் தொட்டதும் தூளாகிறது. தங்கூசியால் (மீன்பிடி நைலோன் நூல்) கட்டிப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?
— வாசகி, சுன்னாகம்

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கூசி வேண்டாம். பெயின்ட் அறவே வேண்டாம்.

பபூனின் உள்ளங்காலிலும் கையிலும் காடி வெட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், பிலடெல்பியாவின் ஷோன்ஹட் கம்பனி 1903 முதல் செய்த 'ஹம்டி டம்டி சர்க்கஸ்' பொம்மையாக இருக்கக்கூடும். அந்தக் காடியைப் பொம்மை ஏணிப்படியில் கொளுவினால் பபூன் ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்கும். யானைமேல் கதிரை, கதிரைமேல் பபூன் என்று பிள்ளை தானே ஒரு சர்க்கஸ் கட்டும். நம் பிள்ளைகள் பனங்குரும்பையில் வண்டில் செய்து உருட்டியதுபோல, இங்கும் விளையாட்டைப் பிள்ளைதான் உண்டாக்க வேண்டும்.

கால் வைத்த இடத்தில் நிற்பது, லாஸ்டிக் இழுத்துப் பிடிக்க மரமும் மரமும் உரசுவதால். தங்கூசிக்கு அந்த இழுவை இல்லை. இறுக்கினால் ஓட்டையின் விளிம்பை அறுக்கும்.

கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பழைய ரப்பரை மெல்லிய கம்பியால், தண்ணீர் படாமல் கிண்டி எடுங்கள். நூல் சுற்றிய வட்ட லாஸ்டிக் வாங்குங்கள்: பபூனுக்கு 2 மில்லிமீற்றர் அளவில், யானைக்குச் சற்றுத் தடிப்பாக. ஓட்டையில் தடையின்றி ஓட வேண்டும். நுனியில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டுக் காயவைத்தால் ஊசிபோல நுழையும். ஒரு முனையை முடிந்து, மற்றதை மூன்றிலொரு பங்கு நீளும்வரை இழுத்து, உடுப்புக் கிளிப்பால் கவ்விக்கொண்டு முடியுங்கள்.

காலை நேரே நீட்டிப் பாருங்கள். விழுந்தால் தளர்வு; தானாகத் துள்ளித் திரும்பினால் இறுக்கம் கூட. பலர் இறுக்கித்தான் கெடுக்கிறார்கள். மரம் நார்வழியே பிளக்கக்கூடும்.

பெயின்ட் காடிக்குள் இறங்கினால் ஏணிப்படி கொளுவாது. பழைய முகமும் போய்விடும். பஞ்சுக் குச்சியை இலேசாக நனைத்து, முதலில் பாதத்தின் அடியில் துடையுங்கள். நிறம் ஒட்டினால் அத்தோடு நிறுத்துங்கள். தின்னர் கூடாது. யானையின் தோல் காதுக்குத் தேங்காயெண்ணெய் பூச மனம் வரும், பூசாதீர்கள், கறுத்துவிடும். பபூனின் சட்டை கிழிந்திருந்தாலும் அதுவே இருக்கட்டும்.

யானையை வெள்ளைக் கடதாசியில் தட்டிப் பாருங்கள். மாப்போலத் தூள் கொட்டினால் உளுத்துப்போகிறது. பபூனை உடனே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.