நுரையீரலைத் தாக்கும் எண்டோமெட்ரியோசிஸை எப்படிக் கண்டறிவது?

மாதவிலக்கு நாட்களில் மட்டும் வலப்பக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வருகின்றன, இடையில் எடுத்த எக்ஸ்ரே இயல்பாக இருக்கிறது, இது எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பை உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். இந்நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாட்காட்டிதான். ஆகவே விலக்கு தொடங்கிய நாளையும் வலி, இருமல், சளியில் இரத்தம் தோன்றிய நாட்களையும் சில மாதங்களாவது குறித்து வையுங்கள்.

நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதே இதன் மிகப் பொதுவான வெளிப்பாடு. அது பெரும்பாலும் வலப்பக்கத்தில், விலக்கு தொடங்கி 72 மணி நேரத்துக்குள் நிகழும். அறிகுறி இருக்கும்போதே சிடி ஸ்கேன் எடுத்து, விலக்கில்லாத நாட்களில் மீண்டும் எடுத்து ஒப்பிட்டால், முதலில் தெரிந்த நிழல் மறைந்திருப்பது நல்ல தடயமாகும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் படிந்த அத்திசுவை எம்ஆர்ஐ சில வேளைகளில் தெளிவாகக் காட்டும். ஆயினும் ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மட்டும் நோயில்லை என்று கூறிவிட முடியாது. மார்புக்கூட்டுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் அறுவைமுறையில்தான் உதரவிதானத்தின் சிறு துளைகளும் பழுப்பு, ஊதா நிறப் புள்ளிகளும் நேரடியாகத் தெரியும். அங்கிருந்து எடுக்கும் திசுவில் கருப்பை உட்சுவரின் சுரப்பிகளும் இழையமும் காணப்பட்டால் நோய் உறுதியாகும்.

நுரையீரல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்ப்பது மிக அவசியம். திடீரென மூச்சுத்திணறல் கடுமையானால், நாட்குறிப்புக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.