காகக் கூட்டில் வளரும் குயில்: பறவைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): கீழே விழுந்த மைனாக் குஞ்சை மனிதர் தொட்டால், தாய்ப்பறவை அதை ஒதுக்கிவிடும் என்பது உண்மையா?

பதில்: உண்மையன்று. மனித வாடை பட்டதற்காகப் பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால் மீண்டும் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். இறகு முளைத்துத் தத்தி நடக்கும் குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருப்பதே. பூனைக்கு எட்டாத கிளையில் விட்டு விலகி நின்றால் பெற்றோர் வந்து ஊட்டும். ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்திருப்பதால், ஊற்றிய நீர் மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடக்கூடும்.

கேள்வி (பொள்ளாச்சி): ஆண் இருவாச்சி தன் இணையை மரப்பொந்தில் சிறைவைப்பது ஏன்?

பதில்: சிறைவைப்பது ஆண் அன்று; பெண் தானே தன்னை அடைத்துக்கொள்கிறது. ஆனைமலைக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சியின் பெண், பழைய மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் உணவின் மிச்சங்களையும் குழைத்து வாயிலைப் பூசி, அலகு நீளும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். ஏறக்குறைய 40 நாள் அடைகாத்தலும் குஞ்சு வளர்ப்பின் முற்பகுதியும் உள்ளேயே நடக்கின்றன. அந்தக் காலத்தில் பெண் தன் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் சேர்த்துவந்து, ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து பிளவின் வழியே கொடுப்பது ஆணின் பொறுப்பு. அந்த ஆண் வேட்டையாடப்பட்டால் உள்ளிருப்பவை பட்டினியில் மாளக்கூடும். ஆகவே இருவாச்சியின் பொந்து தெரிந்தாலும் அதன் அருகே கைப்பேசியோடு போய் நிற்காதீர்கள். ஆள் நடமாட்டத்தைக் கண்டால் ஆண் உணவோடு நெருங்கத் தயங்கும்.

கேள்வி (திருநெல்வேலி): குயில் குஞ்சு காகக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிக் கொன்றுவிடும் என்று படித்தோம். சரிதானே?

பதில்: நம் நாட்டுக் குயிலுக்கு அது பொருந்தாது. காகக் குஞ்சுகளும் குயில் குஞ்சும் ஒரே கூட்டில் சேர்ந்து வளர்வது இங்கே பலமுறை பதிவாகியிருக்கிறது.

கேள்வி (சிட்னி): ஐயா, தாங்கள் சொல்வதை ஏற்க இயலவில்லை. இங்கே எங்கள் தோட்டத்துக் கூட்டிலிருந்து குயில் குஞ்சு மற்ற முட்டைகளைத் தள்ளியதை நானே பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்ததும் சரியே. ஆனால் வசந்தத்தில் வடக்கேயுள்ள தீவுகளிலிருந்து உங்கள் ஊருக்கு வந்து, இரவெல்லாம் கூவி மக்களின் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தக் குயிலை இன்று பலர் தனி இனமாகவே வகைப்படுத்துகிறார்கள். அது தேன் உண்ணிகள் முதலிய காகத்தைவிடச் சிறிய பறவைகளின் கூடுகளில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு மற்றவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. காகத்தின் முட்டையும் குஞ்சும் பெரியவை; அவற்றைத் தூக்கித் தள்ளுவது கடினம் என்பதும் ஒரு விளக்கம்.

கேள்வி (சென்னை): அப்படியானால் பாடப்புத்தகங்கள் சொல்வது பொய்யா?

பதில்: பொய்யன்று, வேறொரு பறவையைப் பற்றிய செய்தி. பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர், குயிலின் உறவினமான ஐரோப்பியக் குக்கூ என்னும் பறவையின் குஞ்சு, கண் திறக்காத நிலையிலேயே, முதுகிலுள்ள பள்ளத்தில் முட்டையை ஏந்திக் கூட்டின் விளிம்புக்கு ஏற்றித் தள்ளுவதை 1788-இல் விரிவாக எழுதினார். பலர் நம்பவில்லை, பின்னர் படச்சான்றுகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தின. அந்தச் செய்தியைக் குயில் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டதே குழப்பத்தின் வேர்.

கேள்வி (வேலூர்): எங்கள் மாடத்தில் புறாக் குஞ்சு தனித்துக் கிடக்கிறது. பசும்பால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது, பாலிலுள்ள சர்க்கரை பறவைகளுக்குச் செரிக்காது. புறாக் குஞ்சுக்கு உரிய பால் வேறு: தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு கூழைச் சுரந்து ஊட்டுகின்றன. பூநாரைகளும் இவ்வாறே செய்கின்றன. பெற்றோர் இரை தேடித் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி (சேலம்): சிட்டுக்குருவிக் குஞ்சு விழுந்துவிட்டது, தண்ணீர் கொடுத்தோம், வேறென்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். தண்ணீரை நிறுத்துங்கள்.

கேள்வி (ஈரோடு): ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழுமா?

பதில்: விழாது. அது தன் எல்லையை அறிவிக்கிறது அல்லது இணையை அழைக்கிறது. சகுனம் என் துறையன்று.

கேள்வி (நாகப்பட்டினம்): நில்லாமல் மிக நீண்ட தொலைவு பறப்பது எது?

பதில்: 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்னும் கரையோரப் பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாளில், ஓரிடத்திலும் இறங்காமல் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவுசெய்தது. புறப்படும் முன் இப்பறவைகள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதோடு, பயணத்தில் தேவைப்படாத செரிமான உறுப்புகளையும் சுருக்கிக்கொள்கின்றன.

கேள்வி (கரூர்): மைனாக் குஞ்சு ஒன்று...

பதில்: முதல் பதில்.

கேள்வி (சென்னை): குயில் குஞ்சு தள்ளாது என்கிறீர்கள். அப்படியானால் காகத்துக்கு இழப்பே இல்லையா?

பதில்: உண்டு. காக முட்டைக்குச் சில நாள் முன்னதாகவே குயில் முட்டை பொரிந்துவிடுவதால், அந்தக் குஞ்சு முந்தி வளர்ந்து இரையில் பெரும்பங்கைப் பெறுகிறது. பின்னால் பொரிந்த காகக் குஞ்சுகள் மெலிந்து மடிவதுண்டு. முட்டையிட வரும் பெண் குயில் காக முட்டையொன்றை அகற்றிவிடுவதும் நடக்கிறது. காகத்துக்கு ஐயம் எழாமல் இருப்பதற்குக் குயில் முட்டையின் நிறமும் புள்ளிகளும் காக முட்டையை ஒத்திருப்பதும், இளங்குஞ்சு காகக் குஞ்சைப் போலவே கத்துவதும் துணைசெய்கின்றன. கூட்டைவிட்டு வெளியேறிய பிறகும் காகமே அதற்கு ஊட்டும். ஜூன், ஜூலை மாதங்களில் உங்கள் தெரு வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தால், சிட்னி நண்பருக்கு அனுப்பச் சான்று கிடைக்கலாம். மரத்தில் மட்டும் ஏறாதீர்கள்.