அண்ணன் இறந்த பிறகு வீட்டில் என்னை வேலைக்கே விடுவதில்லை. 23 வயதாகிறது. வெளியேறுவது தவறா?

தவறில்லை. 18 முடிந்த பெண் எங்கே தங்குவது, என்ன வேலை பார்ப்பது என்பதை அவளே முடிவு செய்யலாம். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மா முகத்தைப் பார்த்தால்தான் கால் நகர மாட்டேன் என்கிறது, இல்லையா?

எனக்கும் இதே கதைதான். எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். வீட்டோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அண்ணன் பைக் விபத்தில் போன பிறகு, பட்டறைக்குப் போடுகிற மாதிரியே வாசல் கேட்டுக்கும் அப்பா பூட்டுப் போட ஆரம்பித்தார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில். ரேஷன் கடைக்குப் போனால்கூட அம்மா போன் அடித்துக்கொண்டே இருப்பார். எடுக்கத் தாமதமானால், திரும்பும்போது தெருமுனையில் செருப்புகூட இல்லாமல் நிற்பார். 'இனிமே போகாத சாமி' என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? அடித்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேன்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்ததும், ஜெராக்ஸ் எடுக்கணும் என்று சொல்லி பீரோவிலிருந்த மஞ்சப்பையை வாங்கினேன். என் சான்றிதழ்களோடு அண்ணனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் இருந்தது. லேமினேட் செய்தது, என்னுடையதோடு ஒட்டிக்கிடந்தது. மெதுவாகப் பிரித்து அவனுடையதை மட்டும் பீரோவில் வைத்தேன்.

பெற்ற வயிற்றை எரிய வைத்தவள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். போனது எனக்கும் அண்ணன்தான். நான் யாரோடும் ஓடிப்போகவும் இல்லை. (ஓடிப்போயிருந்தால்தான் என்ன? இதை ஏன் சொல்கிறேன் என்றே தெரியவில்லை.)

ஆதார், அசல் சான்றிதழ்கள், உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கு, இவை இல்லாமல் கோபத்தில் கிளம்பாதீர்கள். காணவில்லை என்று வீட்டில் புகார் கொடுத்தால், ஸ்டேஷனில் 'என் விருப்பத்தில்தான் வந்தேன்' என்று எழுதிக் கொடுங்கள். அடைத்து வைத்தால் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் புகுந்த வீட்டுக்கு மட்டுமில்லை, பிறந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். வேலைக்கு விடாமல் தடுப்பதும் அதில் வரும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போய் வருகிறேன். அப்பாவைக்கூடச் சமாளித்துவிடலாம், அந்த மலைப்பாதையைச் சமாளிக்க முடியவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு. அதில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போட்டு செல்பி எடுக்கிறார்கள். கோடை விழா சமயத்தில் பஸ் நகரவே நகராது. அம்மா போனில் 'எத்தனாவது வளைவுல இருக்கிற?' என்கிறார். ஒரு மணி நேரமாக ஒரே நம்பரைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த வண்டிகளுக்கு அபராதம் போட ஒரு ஆள்கூடவா இல்லை?