சுகர் பூனையோட சென்னைக்கு வர்ற தங்கச்சிக்கு

டொராண்டோலேர்ந்து வீட்டுக்காரர் வேலைக்காக சென்னை வர்றோம், கூட சுகர் வந்த பூனையும் வருது, வீட்லயே சுகர் பாத்து ஊசி போட முடியுமா, எந்த ஏரியால வீடு பாக்கறது, ஸ்கூல் எப்படி, வெயில் தாங்குமான்னு வரிசையா கேட்டிருக்க. வீடு, ஸ்கூல்லாம் சொல்ல நூறு பேர் வருவாங்க. பூனைக்கு நான் சொல்றேன். எங்க சின்னராசாவுக்கு, ஆரஞ்சு கலர் கடுவன், ஏழு கிலோ இருந்தான், நாலு வருஷமா காலைல ஏழு மணி சாயங்காலம் ஏழு மணி நான்தான் ஊசி.

முதல்ல பயமுறுத்திடறேன். இங்க மெடிக்கல்ல ரெண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் இருக்கு, சிவப்பு மூடின்னா மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடின்னா 100 யூனிட் மருந்துக்கு. மனுஷங்களுக்குப் போடற பாட்டில் இன்சுலின் இங்க இன்னும் நிறைய மில்லிக்கு 40 யூனிட்தான், ஆனா சின்னராசாவுக்கு எழுதிக் குடுத்த கிளார்ஜின்ங்கற இன்சுலின் 100. ஒருநாள் ஆரஞ்சு மூடி ஸ்டாக் இல்லன்னு கடைப் பையன் சிவப்பு மூடிய குடுத்து விட்டான், ரெண்டும் ஒண்ணுதான்கான்னு வேற சொன்னான், என் மகனும் வாங்கிட்டு வந்தான், நானும் கண்ணாடி போடாம ரெண்டு யூனிட் கோடு வரைக்கும் இழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு இல்ல, அஞ்சு யூனிட் உள்ள போயிருக்கு. மதியம் பாத்தா கட்டிலுக்கு அடியில பின்னங்கால் தள்ளாடி நிக்கறான், சுகர் 48. தேனை எடுத்து ஈறுல தடவி தடவி, கொஞ்சம் தெளிஞ்சதும் மீன் ஊட்டி, ஆட்டோல டாக்டர்கிட்ட ஓடினோம், ராத்திரி முழுக்க டிரிப்ஸ். 60க்குக் கீழ போனா காத்திருக்கவே கூடாது. மயங்கிக் கிடந்தா வாய்க்குள்ள ஊத்தாத, ஈறுல மட்டும் தடவு. அன்னிக்கு வீட்ல மீட்டர் இல்லன்னா வெயில்ல சுருண்டுட்டான்னு நெனச்சு ஃபேன் போட்டு விட்டிருப்பேன்.

அடுத்தது எண். உங்க கனடா சுகர் மீட்டர் வேற அளவுல 5, 14ன்னு காட்டும், அதையே இங்க எல்லாரும் 90, 250ன்னு சொல்வாங்க. பதினெட்டால பெருக்கிக்கோ. நீ டாக்டருக்கு ஃபோன் பண்ணி "பதினாலு"ன்னு சொன்னா அவர் நாற்காலிலேர்ந்து விழுந்துடுவார். மனுஷ மீட்டர் பூனை ரத்தத்துல பொதுவா கம்மியாத்தான் காட்டும், பூனைக்கு சர்க்கரை ரத்தத்துல பிரிஞ்சு இருக்கற விதமே வேற. பூனைக்குன்னு செட் பண்ண மீட்டர், ஆல்ஃபாட்ராக் மாதிரி, இருந்தா அதையே ஸ்ட்ரிப்போட எடுத்துட்டு வா. இல்லன்னா மனுஷ மீட்டர்லயே பாக்கலாம், ஆனா ஒரே மீட்டர்ல பாரு, அதுலதான் பாக்கறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு.

ரத்தம் எடுக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. வெதுவெதுப்பான துணிய காதுல ஒரு நிமிஷம் வெச்சு, ஓரத்துல லேசா வாசலின் தடவிக் குத்தினா சொட்டு பரவாம முத்து மாதிரி நிக்கும். முடிஞ்சதும் ஒரு துண்டு சங்கரா மீன். பத்து நாள்ல காதைக் காட்டிட்டு அவனே வந்து உக்காருவான். கிளினிக்ல எடுத்தா பயத்துலயே ஏறிடும், சின்னராசாவுக்கு அங்க 380, வீட்ல 210. அங்க வந்த எண்ண வெச்சு டோஸ் ஏத்திடாதீங்கன்னு கேக்கலாம், நல்ல டாக்டர் கோச்சுக்க மாட்டார். 1903ல ஆரம்பிச்ச வெட்னரி காலேஜ் வேப்பேரில இருக்கு, ஊர்ல டாக்டருக்குப் பஞ்சமில்ல. டோஸ் மாத்தினப்ப ஒருநாள் லீவு போட்டு ரெண்டு மணிக்கொரு தடவை பாத்து நோட்ல எழுது. சாப்பிடலன்னா ஊசிக்கு முன்னாடி டாக்டரைக் கேளு. நம்மாளுங்க பிஸ்கட்டும் பால்சோறும் வெச்சுட்டு ஊசிய கூட்டு கூட்டுன்னு நிப்பாங்க, எங்க பக்கத்து வீட்டம்மா ஒரு மாசமா எனக்குத் தெரியாம தயிர்சாதம் வெச்சிருக்காங்க. ஒழுங்கா மாமிசமாவே போட்டா சில பூனைக்கு ஊசியே தேவைப்படாமப் போயிடுது, எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல.

வீடு பத்தி ஒண்ணே ஒண்ணு, வெஜிடேரியன் ஒன்லின்னு போர்டு பாத்தா உள்ளயே போகாத. சுகர் பூனைக்கு மீன் அவிக்கணும், அப்புறம் மாசம் ஒரு பஞ்சாயத்து. வெயில் தாங்குமான்னா தாங்கும், நாங்க தாங்கலயா. டொராண்டோ லண்டன்லேர்ந்து வர்றவங்க டிசம்பர்ல வந்து சபால உக்காந்துட்டு மார்ச்ல ஓடிடுவாங்க, போய் சென்னை சரியில்லன்னு கதைப்பாங்க, பாரு, கோவம் வந்தா எனக்கு இன்னும் ஊர்ப் பேச்சு வருது.

நாங்க 1996 மே மாசம், கத்திரி வெயில்ல, கொழும்புலேர்ந்து வந்து இறங்கினோம். நானும் அம்மாவும், ரெண்டு பை, அம்மாவோட இன்சுலின் ஒரு ஃபிளாஸ்க்ல. வளசரவாக்கத்துல ஒத்தை ரூம், பதிவுக்கு போலீஸ் ஸ்டேஷன் அலையறதே வேலை. எங்க ஊர்ல வருத்தம்னா நோய், மெடிக்கல்ல போய் "அம்மாவுக்கு சீனி வருத்தம்"னு சொன்னேன், அந்தப் பையன் "சீனி தீந்ததுக்கா வருத்தப்படறாங்க, மளிகைக் கடை அந்தப் பக்கம்க்கா"ன்னான். அழறதா சிரிக்கறதான்னு தெரியல. மறுவாரமே "சுகர்"னு சொல்லக் கத்துக்கிட்டேன். இப்ப கோயம்பேடு மார்க்கெட்ல நான் பேரம் பேசறதக் கேட்டா பொறந்ததே இங்கன்னுதான் நினைப்ப.

ஃப்ரிட்ஜ் கிடையாது. வீட்டுக்கார அம்மாகிட்ட கெஞ்சினேன், ஊசி மருந்தெல்லாம் எங்க ஃப்ரிட்ஜ்ல வேணாம், பூஜைக்கு பால் வெக்கறோம்னுட்டாங்க. ஆனா மறுநாள் காலைல வாசல்ல ரெண்டு மண்பானை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு, நடுவுல ஈர மணல். மேல ஈரத்துணி போட்டு நிழல்ல வெய்யின்னு சொல்லிட்டுப் போனாங்க, முகம் குடுத்துக்கூடப் பேசல. அம்மாவுக்கு அந்த வெயில்காலம் முழுக்க மருந்து அதுலதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ரெண்டு நாள் கரண்ட் இல்லாதப்ப சின்னராசா மருந்தும் அதே பானைலதான் இருந்துச்சு. டிசம்பர் குளிரு, பானையே தேவைப்பட்டிருக்காது, இருந்தாலும் கை தானா அங்க போச்சு. இப்ப அவன் இல்ல, போன ஆடில போயிட்டான், பதினாறு வயசு. மீட்டர் வேணும்னா சொல்லு, என்கிட்ட சும்மாதான் கெடக்கு. சிரிஞ்ச் மட்டும் ஆரஞ்சு மூடி ரெண்டு டப்பா, அரை யூனிட் கோடு போட்டதா அங்கேயே வாங்கிட்டு வா, எனக்கு இங்க கடைசி வரைக்கும் கெடைக்கல.