அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ஆசிட் பாட்டில்

(தகடு வெட்டி, பீரோ செய்து பிழைத்த ஒரு பழைய பட்டறைக்காரர், கார் ஷெட் அலமாரிகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, கார் ஷெட்டில் இருக்கும் இரும்பு அலமாரி வெளியே புதுசு போல இருக்கிறது. உள்ளே மட்டும் கதவின் பின்புறம், கீல், ஸ்பானர் செட் எல்லாம் துரு. மழைத் தண்ணீர் உள்ளே வர வழியே இல்லை. எந்த பெயின்ட் அடிக்கலாம்?

பெயின்ட் பற்றி அப்புறம் பேசுவோம் தம்பி. முதலில் கதவைத் திறந்த கையோடு முகர்ந்து பாருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி வந்தால், எங்கோ ஒரு மூலையில் ஆசிட் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையை எடுக்க யாரோ வாங்கி, பாதி செலவழித்து, மீதியை ‘பிறகு உதவும்’ என்று உள்ளே தள்ளியிருப்பார்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஆவி கசியும். மூடிய அலமாரிக்குள் அந்த ஆவிக்கு வேறு போக்கிடம் இல்லை, இருக்கும் இரும்பையெல்லாம் தின்றுகொண்டிருக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருந்து உள்ளே மட்டும் துரு என்றால், என் சந்தேகம் எப்போதும் உள்ளே குடியிருப்பவர்கள் மேல்தான்.

அதே வரிசையில் இன்னும் சிலர் உண்டு. நீச்சல் குளத்துக் குளோரின், வாய் கட்டாத உர மூட்டை, சார்ஜில் போட்ட பழைய கார் பேட்டரி, ஈரத்தோடு சுருட்டி வைத்த துணி. குளோரின் துகளையும் பிரேக் ஆயிலையும் ஒரே தட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிரித்து வையுங்கள். அந்தத் துகளில் பெரும்பாலும் இருக்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டின் மேல் பிரேக் ஆயில் கொட்டினால், தீக்குச்சி இல்லாமலே சற்று நேரத்தில் பற்றிக்கொள்ளும். இது துரு சமாசாரம் இல்லை, வீடு சமாசாரம்.

நெடி எதுவும் இல்லையா? அப்படியானால் காற்றில் இருக்கும் ஈரம். நனைந்த காரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினால் அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த தகட்டில்தான் போய் வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே மாட்டினால் ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போடலாம், ஆனால் கதவு இறுக மூடும் அலமாரியில் மட்டும். காற்றுத் துளை வைத்த கதவுக்குள் சிலிக்கா ஜெல் போடுவது ஊர் காற்றையெல்லாம் உலர்த்தக் கிளம்புவது மாதிரி. அந்தத் துளைகளைத் தூசிக்குப் பயந்து டேப் ஒட்டி அடைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், அவை காரணத்தோடுதான் போடப்பட்டிருக்கின்றன.

சரி, இப்போது பெயின்ட். துரு தெரியும் இடத்தில் மட்டும் தேய்த்தால் போதாது. பவுடர் கோட்டிங்குக்கு (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைத்த பெயின்ட்) அடியில் துரு ஓடும், மேலே சின்னக் கொப்புளமாகத்தான் தெரியும். அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நொறுக்கென்று உடைந்தால், அங்கிருந்து சுற்றிலும் மழுங்கிய கத்தியால் பெயரும் வரை பெயர்த்தெடுங்கள். உறுதியாகப் பிடித்திருக்கும் விளிம்பு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். பிறகு 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்த தகட்டை ராத்திரி அப்படியே விட்டுவிட்டு மறுநாள் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத புதுத் துருவின் மேல் அடிக்கிறீர்கள். பிரைமர் நன்றாகக் காய்ந்த பின் எனாமல் இரண்டு கை. நிறம் அச்சு அசலாகப் பொருந்தாது, அது பரவாயில்லை.

அலமாரியின் இரட்டைக் கதவில் ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி நிற்கிறது. அடிப்பக்கமும் துருப்பிடிக்கிறது. கீலை மாற்றிவிடலாமா?

கீலைத் தொடாதீர்கள். தரையைப் பாருங்கள். கார் ஷெட்டின் தரை பெரும்பாலும் வாசலை நோக்கிச் சரிவாகத்தான் போடப்படும், தண்ணீர் வெளியே வழிந்து ஓடுவதற்காக. அந்தச் சரிவில் நிற்கும் அலமாரி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கதவுகள் அதைத்தான் காட்டிக்கொடுக்கின்றன. ரசமட்டத்தை மேல்தகட்டில் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்து, காலில் இருக்கும் போல்டைத் திருகி உயர்த்துங்கள். கதவு தானாகச் சேருவதைப் பார்க்கலாம். கீலைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்த அலமாரிகள் பட்டறைக்கு நிறைய வரும். பாதிக்கு மேல் கீல் நன்றாக இருந்து, தட்டியதால்தான் கெட்டிருக்கும்.

அடித் துருவுக்கும் காரணம் அதே தரைதான். கான்கிரீட் பார்க்க உலர்ந்திருந்தாலும் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். அடியில் நீர் முத்துகளோ, தரை கறுத்தோ இருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று அர்த்தம். அலமாரியைத் தரையிலிருந்து நாலு விரற்கடையாவது தூக்கிப் பிளாஸ்டிக் காலில் நிறுத்துங்கள். மரக்கட்டை கொடுத்தால் அது ஈரத்தைக் குடித்துத் தகட்டுக்கு ஊட்டும், கரையானுக்கும் ஏணியாகும்.

டிராயர் இழுக்க வரவில்லை. கிரீஸ் நிறைய வைத்தேன். முதலில் நன்றாக ஓடியது, இப்போது முன்பைவிட மோசம்.

ஓடியதும் கிரீஸால், நின்றதும் கிரீஸால். ஷெட்டில் பறக்கும் மரத்தூளும் மண்ணும் அதில் ஒட்டிக் களிம்பாகி, பேரிங் குண்டுகளைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொண்டன. டிராயரை முழுக்க வெளியே இழுத்தால் இரு பக்க ஸ்லைடிலும் (டிராயர் ஓடும் தண்டவாளம்) சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். பல மாடல்களில் ஒன்றை மேலே தூக்க வேண்டும், மற்றதைக் கீழே அமுக்க வேண்டும். இரண்டையும் மேலே தூக்கி மல்லுக்கட்டியே பலர் அதை உடைத்துவிடுகிறார்கள். கழற்றியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் களிம்பைச் சுரண்டித் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு அடித்ததும் பிசுக்கில்லாமல் காய்ந்துவிடும் வகை சிலிகான் ஸ்பிரே மெல்லிசாக ஒரு தடவை. அவ்வளவு போதும்.

அப்படியும் இறுகினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்குரூ, ஆணி, நட்டு போட்ட டப்பாக்கள் பார்க்கச் சின்னதாக இருக்கும், தூக்கினால்தான் எடை தெரியும். ஸ்லைடு தாங்கும் எடை அதை வாங்கும்போதே குறிப்பிடப்பட்டிருக்கும். கனமானதெல்லாம் கீழ் டிராயருக்கு.

பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் அடிப்பலகை உப்பிவிட்டது. நடுத்தட்டும் தொங்குகிறது. காய வைத்தால் சரியாகுமா ஐயா?

ஆகாது அம்மா. அழுத்தி ஒட்டிய மரத்தூள் அது. ஒரு முறை தண்ணீர் குடித்து ஊதினால் காய்ந்தாலும் பழைய பருமனுக்குத் திரும்பாது, பலமும் போய்விடும். உப்பிய பலகையை மாற்றிவிடுங்கள், முடிந்தால் பிளைவுட்டில். புதுப் பலகையின் வெட்டு விளிம்புகள், குறிப்பாகத் தரையைப் பார்த்த விளிம்பு, பெயின்டோ வார்னிஷோ இரண்டு மூன்று பூச்சு குடிக்கட்டும். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

தொங்கும் தட்டைத் திருப்பிப் போட்டால் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் நடுவில் ஒரு தாங்கு கொடுப்பதுதான் சரியான வைத்தியம். அதே கனமுள்ள பலகையில் அதே எடையை வைத்து, தாங்கலுக்குத் தாங்கல் தூரத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டு மடங்காகும். தூரத்தைப் பாதியாக்கினால் பிரச்சினை எவ்வளவு குறையும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

பூட்டில் சாவி சிக்குகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

எந்த எண்ணெயும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் பொடியை ஊதி விடுங்கள். கிடைக்காவிட்டால் சாவியின் பற்களில் பென்சிலைக் கறுப்பாகத் தேய்த்து நாலைந்து தடவை செருகி எடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு. பெட்ரோல் கேனைப் பூட்டிய அலமாரியில் வைத்தால் பாதுகாப்புதானே?

குழந்தையிடமிருந்து பாதுகாப்பு, தீயிடமிருந்து இல்லை. பெட்ரோல் உறைகுளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும், சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே. அந்த ஆவி காற்றைவிடக் கனம். அலமாரி இடுக்கு வழியாக இறங்கித் தரையோடு ஊர்ந்து போகும். அதே ஷெட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டரோ சுவிட்சோ ஒரு பொறி கொடுத்தால் போதும். பெட்ரோலை வீட்டோடு ஒட்டாத தனி இடத்தில், அதற்கென்று செய்த கேனில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளையும் உருட்டி அலமாரியில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றும் குணம் அதற்கு உண்டு. வெளியே தனித்தனியாக விரித்துக் காய வைக்க வேண்டும்.

குழந்தைகள் என்றீர்களே, அலமாரியைச் சுவரோடு பிணைத்திருக்கிறீர்களா? டிராயர்களை எல்லாம் ஒன்றாக இழுத்துவிட்டுப் படியாக ஏறினால், காலியாக இருந்தாலும் ஆள் உயர அலமாரி முன்னால் சாயும். மேல் மூலைகள் இரண்டிலும் எல் வடிவப் பட்டை, சுவருக்கு ஏற்ற ஆங்கர் போல்ட். மேல்பூச்சு மட்டும் இருக்கும் இடத்தில் அடிக்காமல், துளை செங்கலுக்குள் போகிறதா என்று பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.