வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும் ஆயில் மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: இன்ஜின் ஆயில் மாற்றாமல் விட்டால் உண்மையில் என்ன ஆகும், என் பெட்ரோல் கார் இரண்டு வருடத்தில் 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, 10,000 ஆகட்டும் என்று காத்திருக்கலாமா? காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றிவிடுங்கள். தக்கலைப் பக்கம் 19 வருடமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நிறைய ஓடி ஆயில் கெட்ட வண்டிகளைவிட, சும்மா நின்றே ஆயில் கெட்ட வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கும் வீடுகள் ஏராளம். கார் வீட்டில் நிற்கும், அப்பா ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, நடுவில் ஒரு நாள் சந்தைக்கு, எப்போதாவது ஒரு கல்யாண வீட்டுக்கு, எல்லாமே மூன்று நான்கு கிலோமீட்டர் தூரம். இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் இடம் வந்துவிடும், வண்டியை நிறுத்திவிடுவார்கள். கேட்டால் "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன், வண்டிக்கு வேலையே கிடையாது" என்பார்கள். ஆனால் ஆயிலுக்கு இதைவிட மோசமான ஓட்டம் வேறு இல்லை.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பருக்குள் இறங்கும், கூடவே எரியாத பெட்ரோலும் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இதெல்லாம் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் நிறுத்தினால் அப்படியே ஆயிலில் தங்கி, அமிலமாக மாறி, ஆயிலோடு கலந்து வரும் சுத்தம் செய்கிற சரக்கையும் துரு பிடிக்காமல் காக்கிற சரக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். போதாததற்கு எங்கள் ஊரில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, கடல் ஈரம் வருடம் முழுக்க. மழைக்காலத்தில் இப்படி ஓடிய வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருக்கும். (அதே பசை இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ் பகுதிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போனாலும் வரும், அதனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவு குறைகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

போன வருடம் ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர் கிறிஸ்துமஸ் லீவு முடிந்து திரும்புகிறார், விமானம் திருவனந்தபுரத்தில். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அப்பாவின் காரிலேயே கிளம்பியிருக்கிறார்கள். மார்த்தாண்டம் பாலம் ஏறி இறங்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் லைட் ஒரு தடவை எரிந்து அணைந்திருக்கிறது. களியக்காவிளையில் ஓரமாக நிறுத்தி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக இருக்கிறது. சரி, லைட்டில்தான் ஏதோ கோளாறு என்று மறுபடி எடுத்தார்கள். நாற்பதில் போனால் லைட் அணைகிறது, அறுபதைத் தாண்டினால் எரிகிறது, அதனால் நாற்பதிலேயே போவோம் என்று முடிவு. விமானத்துக்கு நேரமாகிறதே, பாவம், வேறு என்ன தோன்றும். அமரவிளை தாண்டும்போது கீழேயிருந்து டக் டக்கென்று சத்தம், நெய்யாற்றின்கரையில் இன்ஜின் ஜாம். மகன் டாக்சி பிடித்து ஓடினார். அப்பா ரெக்கவரி வண்டியில் காரோடு என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

ஆயில் சேம்பரைக் கழற்றினேன். அடியில் விரல் கனத்துக்குக் கறுப்புப் படிவு, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் திரிதிரியாக வருகிறது. ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு வலை இருக்கும், ஸ்ட்ரெய்னர் என்போம். அந்த வலையில் முக்கால்வாசி அடைத்துப்போய், ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கண் தெரிந்தது. ஆயில் இருந்தது, ஆனால் பம்புக்குப் போக வழி இல்லை. மெதுவாக ஓட்டும்போது தேவை குறைவு, அந்த ஓட்டை வழியாக வந்தது எப்படியோ போதுமானதாக இருந்தது. வேகம் எடுத்தால் பம்ப் இழுக்கிற அளவுக்கு வரவில்லை, லைட் எரிந்திருக்கிறது. அந்த லைட் பொய் சொல்லவே இல்லை.

பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம்தான் அவற்றைப் பிரித்து வைக்கிறது. அது போனால் உலோகமும் உலோகமும் உரசும், சூடு ஏறும், பேரிங் இடத்தை விட்டுச் சுற்றிவிடும். அந்த வண்டியில் ஒரு கனெக்டிங் ராட் பேரிங் அப்படிச் சுற்றி, கிராங்க்கில் நகத்தால் தடவினாலே தெரிகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. கிராங்க்கை நாகர்கோவிலில் லேத்துக்குக் கொடுத்துச் செதுக்கி, புதுப் பேரிங், ரிங், ஆயில் பம்ப், டைமிங் செயின் எல்லாம் போட்டு 71,000 ரூபாய் ஆனது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் அந்த வண்டிக்கு மூவாயிரத்துச் சில்லறை.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "வருசத்துக்கு ரெண்டாயிரம் கூட ஓடல்லயே மக்ளே, பத்தாயிரம் ஆகல்லயே." கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரைக் காட்டினார். அடுத்த ஆயில் 41,200 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்தது, மீட்டர் அப்போது 38,600 காட்டியது. அவர் ஸ்டிக்கரை அப்படியே மதித்து நடந்திருக்கிறார். நான்கு வருடம் போயிருக்கிறது, அது அவருக்கும் தெரியும், ஆனால் தேதி எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த ஸ்டிக்கரை ஒட்டியது என் கடைதான். கையெழுத்து என்னுடையது.

அன்றைக்குக் கூலியை வாங்கவில்லை, சாமான் விலையும் லேத் செலவும் மட்டும்தான் மேலே சொன்ன தொகை. அதனால் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இப்போது ஸ்டிக்கரில் தேதியை முதலில் எழுதுகிறேன், கிலோமீட்டர் அதற்குக் கீழே. உங்கள் கார் மேனுவலை எடுத்துப் பாருங்கள், 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அது என்றுதான் பெரும்பாலான கார்களுக்கு இருக்கும். அந்த "எது முதலில்" என்ற பாதிதான் எல்லோருக்கும் மறந்துபோகிறது. குறுகிய ஓட்டம், தூசி, நெரிசல் இருந்தால் இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லித் தனியாக ஒரு பக்கமும் இருக்கும். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் பாலத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஏசி போட்டு நின்றால் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது.

ஜாம் ஆவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நிறைய நடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல் பக்கம் டிக் டிக்கென்று வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் சத்தம் வரும், ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது என்று அர்த்தம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அழுத்தம் குறைந்தால் செயின் ஆடும். பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டால் ஆயில் எரியும், சைலன்சரில் நீலப் புகை. ஃபில்டர் அடைத்துப்போனால் இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்று அதற்குள் இருக்கும் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலையே உள்ளே விடும், அதனால் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை விட்டுவிட்டு 300 ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டர்போ வண்டியாக இருந்தால் இன்னும் கவனம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவதும் இதே ஆயில்தான். பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு வரை ஏற்றம் ஏறிவிட்டு வண்டியை நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் ஆயில் அங்கேயே கருகிப் படியும். பி.எஸ்.6 டீசல் வண்டியை ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் டிப்ஸ்டிக்கில் அளவு கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புகை வடிகட்டியை வண்டி தானாகச் சுத்தம் செய்யும்போது பாதியில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் டீசல் ஆயிலில் இறங்கும். அளவு கூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று ஒருவர் சந்தோஷப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஆயில் நீர்த்துப்போன ஆயில், உடனே மாற்ற வேண்டும்.

ஆயில் கறுத்துவிட்டது, அதனால் கெட்டுவிட்டது என்று வருகிறவர்களும் உண்டு. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுக்கும், கரியைப் பிடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அளவையும் தேதியையும் பாருங்கள்.

இப்போது உங்கள் வண்டி. இரண்டு வருடம் என்பதால் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் தப்பித்திருக்கும். முதலில் ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு மாற்றக் கொடுங்கள், சூட்டில்தான் அழுக்கோடு சேர்ந்து முழுதாக வடியும். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றச் சொல்லுங்கள். 0டபிள்யூ-20 என்று போட்டிருந்தால் அதுதான், கெட்டியாக இருந்தால் நல்லது என்று யாராவது 20டபிள்யூ-50 ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீல் உடையாத கேனை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், முடிந்தால் காலிக் கேனையும் கிழித்துப் போடச் சொல்லுங்கள், நல்ல பெயருள்ள காலிக் கேனில் மட்டமான ஆயில் ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

இன்ஜினை உள்ளே கழுவும் திரவமான ஃபிளஷ் போடலாமா என்று கடையில் கேட்பார்கள். உங்கள் வண்டிக்கு வேண்டாம். உள்ளே படிவு இருந்தால் ஃபிளஷ் அதை மொத்தமாக இளக்கிக் கொண்டுபோய் அந்த ஸ்ட்ரெய்னர் வலையிலேயே அடைத்துவிடும். அதற்குப் பதில் இப்போது ஒரு தடவை மாற்றிவிட்டு, 2,500 கிலோமீட்டரிலோ ஆறு மாதத்திலோ இன்னொரு தடவை மாற்றுங்கள், புது ஆயில் மெதுவாகக் கழுவிக்கொண்டு வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே கறுப்பாகக் கெட்டியாகத் தெரிகிறது என்றால் மட்டும் சேம்பரைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அரை நாள் வேலைதான்.

வடித்த ஆயிலை வீட்டுக்குக் கொண்டுவந்து கரையானுக்கு என்று வேலியில் பூசுவதோ ஓடையில் கொட்டுவதோ வேண்டாம். எங்கள் ஊர்க் குளங்களில் இன்னும் குளிக்கிறார்கள். நான் பேரலில் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுக்கிறேன், உங்கள் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, அந்த சிவப்பு ஆயில் லைட் சர்வீஸுக்கு நினைவூட்டும் லைட் இல்லை. ஓடும்போது அது எரிந்தால் ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவாக இருந்தால் ஆயில் ஊற்றிப் பார்க்கலாம், அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரின் வண்டி களியக்காவிளையிலேயே நின்றிருந்தால் வலையைக் கழுவி, ஆயில் மாற்றி, ஏழெட்டாயிரத்துக்குள் முடித்துக் கொடுத்திருப்பேன்.